ஆக்சிஜன் வைத்து எடுத்த படம்

முப்பது வருஷத்துக்கு மேல் பஸ்ஸில் நின்று கத்தியவன் நான். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் போகிற வண்டியில் கண்டக்டர். மலை ஏறும்போது இன்ஜின் போடுகிற சத்தத்தில் பக்கத்து சீட்டுக்காரன் பேசுவதே காதில் விழாது. நான் பின்படியில் நின்று சொன்னால் டிரைவருக்குப் போய்ச் சேரும். டிப்போவில் எனக்கு மைக் செட்டு என்று பேர். எனக்கு ரகசியம் பேச வராது என்று என் மனைவி எப்போதும் குறைப்படுவாள். நான் குசுகுசுவென்று சொன்னால் அடுத்த வீட்டு மாடு திரும்பிப் பார்க்கும் என்பாள்.

ஓய்வு பெற்று இரண்டாவது வருஷம் அந்தத் தொண்டை கட்டிக்கொண்டது. கொரோனா வந்த வருஷம் அது. தொண்டை கரகரத்தால் ஊரே பத்தடி தள்ளி நிற்கிற காலம். மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள், இல்லை என்று வந்தது. எனக்கும் நிம்மதி, தெருவுக்கும் நிம்மதி. அதற்குப் பிறகு மிளகுக் கஷாயம், உப்புத் தண்ணீர், சித்தரத்தை என்று மூன்று மாதம் ஓட்டினேன். அந்த மூன்று மாதத்தை யார் தலையிலும் கட்ட முடியாது, என் தலையில்தான் கட்ட வேண்டும். பீடியை விட்டு எட்டு வருஷம் ஆச்சு என்று பிற்பாடு பார்த்த டாக்டர்களிடமெல்லாம் சொன்னேன். ஒருவரும் அதற்காகக் கை கொடுக்கவில்லை.

கள்ளக்குறிச்சி டாக்டர் மூக்கு வழியாக ஒரு குழாயை விட்டுப் பார்த்துவிட்டுச் சென்னைக்கு எழுதிக் கொடுத்தார். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி. ஒரு வரிசையில் நின்றால் இன்னொரு வரிசைக்கு டோக்கன் கொடுப்பார்கள். காலையில் போனவன் சாயங்காலம் வெளியே வரும்போது கையில் நாலு சீட்டு இருக்கும், எதற்கு எது என்று தெரியாது. என் மனைவி ஒரு பிளாஸ்டிக் பையில் எல்லாவற்றையும் அடுக்கி வைத்துக்கொண்டு, கேட்கிறவர்களுக்கு எடுத்து எடுத்துக் காட்டினாள். வாழ்நாள் முழுக்க டிக்கெட் கிழித்துக் கொடுத்தவனுக்குக் கடைசியில் சீட்டு வாங்குகிற வேலை வந்து சேர்ந்தது.

என்னைப் பார்த்த டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். பொறுமைசாலி. குரல்வளையில் கட்டி, கழுத்தில் ஒரு நெறிக்கட்டு என்று சொன்னார். அதற்கு இரண்டு வழி இருக்கிறது என்றார். கதிர் வைத்து, கூடவே மருந்து ஏற்றிப் பார்க்கலாம். பலித்தால் குரல் கரகரப்பாகவாவது நிற்கும். இல்லாவிட்டால் ஆபரேஷன் செய்து குரல்வளையையே எடுத்துவிட வேண்டும், அப்புறம் கழுத்தில் ஒரு துளை வழியாகத்தான் மூச்சு. எது சரிப்படும் என்று பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார். எனக்கு வேறு ஒன்றும் காதில் ஏறவில்லை. குரல் நிற்குமா, போகுமா என்கிற ஒன்றுதான் அன்றிலிருந்து எனக்கிருந்த கேள்வி.

மற்ற ஸ்கேன் எல்லாம் எடுத்த பிறகு, இன்னொரு படம் எடுக்க என் சம்மதம் வேண்டும் என்று கேட்டார். இன்னும் ஆய்வில் இருக்கிற முறையாம். கட்டிக்குள் ஆக்சிஜன் போகிறதா என்று பார்க்கிற படம். எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். கட்டி அவசர அவசரமாக வளர்கிறது. அது வளர்கிற வேகத்துக்கு ரத்தக் குழாய் உள்ளே போய்ச் சேர்வதில்லை. அதனால் நடுவில் இருக்கிற இடத்துக்கு ஆக்சிஜன் கம்மி. ஆக்சிஜன் கிடைக்காவிட்டால் அது செத்துத் தொலைய வேண்டியதுதானே என்று நாம் நினைப்போம். எல்லாம் சாவதில்லை, சிலது மூச்சில்லாமலே பிழைக்கப் பழகிக்கொள்கிறது. கதிரோ ஆக்சிஜன் இருக்கிற இடத்தில்தான் நன்றாக வேலை செய்யும், இல்லாத இடத்தில் அதற்குப் பலம் பாதிதான்.

கல்வராயன் மலையில் பஸ் போகாத ஊர்கள் உண்டு. அரசாங்கம் அரிசி அனுப்பினாலும் மருந்து அனுப்பினாலும் ரோடு முடிகிற இடத்தோடு நின்றுவிடும், அப்புறம் தலையில் சுமந்து போனால்தான் உண்டு. அந்த மாதிரியா என்று கேட்டேன். டாக்டரம்மா சிரித்துவிட்டு, அடுத்த ஆளுக்கு இப்படியே சொல்லிக்கொள்கிறேன் என்றார். என் மனைவிக்கு ஆய்வு என்ற சொல் பிடிக்கவில்லை. "ஒங்கள வெச்சு பாடம் படிக்கிறாங்களா இன்னா?" என்று வெளியே வந்து கேட்டாள். படிக்கட்டும் என்றேன். இந்தத் தொண்டையால் இனி யாருக்காவது ஒரு பிரயோஜனம் இருந்தால் சரி.

இதே நேரத்தில்தான் ஊரில் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் மறுபடி கிளம்பியிருந்தது. எங்கள் சாதி ஆட்கள் தனி ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராக வி.ஏ.ஓ. ஆபீசில் மனு கொடுத்தார்கள், ரோட்டில் உட்கார்ந்தார்கள், சென்னைக்கு வேன் பிடித்தார்கள். எனக்கு இது புதிதில்லை. எண்பதுகளில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்த போராட்டத்தில் ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். சின்னசேலத்துக்கு இந்தப் பக்கம் என் வண்டி மாட்டிக்கொண்டது. முன்னாலும் மரம், பின்னாலும் மரம். நாள் கணக்கில் பஸ்ஸிலேயே கிடந்தோம். வெட்டியவர்கள் எங்கள் ஆட்கள், வெட்டிய மரத்துக்கு இந்தப் பக்கம் காக்கிச் சட்டையில் நின்றவன் நான். அவர்களே சோறும் கொண்டுவந்து போட்டார்கள். அப்படிக் கிடைத்த ஒதுக்கீட்டில்தான் என் மகள் வாத்தியார் படிப்பு படித்தாள், இன்று ரிஷிவந்தியத்தில் குடித்தனம், அங்கேயே வேலை. அதை மறக்கிற ஆள் இல்லை நான். ஆனால் வயதாகிவிட்டது. ஒரே ரோட்டில் இரண்டாம் முறை உட்கார முட்டி மடங்க மாட்டேன் என்கிறது.

எங்கள் தெருவுக்குப் பொறுப்பு என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன். வீட்டுக்கு ஒரு ஆள் வந்தே ஆக வேண்டும் என்று ஊரில் பேசி முடித்து, அவர் கையில் ஒரு நோட்டு கொடுத்திருந்தார்கள். வராத வீட்டுக்கு நல்லது கெட்டதில் யாரும் போய் நிற்க மாட்டார்கள் என்று பேச்சு. ஓய்வு பெற்றதிலிருந்து தெருவுக்குக் கோஷம் போடுகிறவன் நான்தான். நான் முன்னால் சொன்னால் பின்னால் நாற்பது பேர் சொல்வார்கள். மைக் வாடகை மிச்சம் என்று மச்சான் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். தொண்டை போன பிறகும் அவருக்கு மனசு ஒப்பவில்லை. கோஷம் போட வேண்டாம், சும்மா வந்து உட்கார்ந்தால் போதும் என்றார். கச்சிராயபாளையம் கூட்டு ரோட்டில் மறியல் என்று அவர்கள் குறித்த நாளும், ஆஸ்பத்திரியில் எனக்குப் படம் எடுக்கக் கொடுத்த நாளும் ஒன்றாக வந்து தொலைத்தது. நான் வர முடியாது என்றதும், மனைவியை அனுப்பு, ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போக முடியாதா என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை, என் மனைவி சொன்னாள். அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

மறியலில் மாட்டக் கூடாது என்று ஒரு நாள் முந்தியே சென்னைக்குப் போய்விட்டோம். ஆஸ்பத்திரி வளாகத்தில் நோயாளிக்குத் துணையாக வந்தவர்கள் தங்குகிற ஒரு கூடம் உண்டு. அங்கே பாய் விரித்தோம். அந்தக் கூடத்தில் செல்போன் சார்ஜ் போட இரண்டே பிளக்கு, அதற்கும் ஒரு வரிசை. என் மனைவி அந்த வரிசையில் நிற்க மறுத்துவிட்டாள். இருக்கிற வரிசையெல்லாம் போதாதா என்றாள். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து அவளிடம் இருந்தது ஒரு பட்டன் போன். நான் போனில் பேசினால்தான் யாருக்கும் கேட்பதில்லையே, நான் எடுத்துப் போகவில்லை.

மறுநாள் பதினோரு மணி வாக்கில் என்னைக் கூப்பிட்டார்கள். அரைஞாண் முதற்கொண்டு கழற்றச் சொன்னார்கள். படுக்க வைத்து, கழுத்து அசையாமல் இரண்டு பக்கமும் பஞ்சுத் திண்டு வைத்து, முகத்தில் ஒரு மாஸ்க்கை மாட்டினார்கள். முதலில் சாதாரணக் காற்று வரும், அப்போது கொஞ்ச நேரம் படம் எடுப்போம், அப்புறம் சுத்த ஆக்சிஜன் வரும், அப்போதும் எடுப்போம் என்று டாக்டரம்மா சொன்னார். ஆக்சிஜன் போய்ச் சேருகிற இடமெல்லாம் இரண்டாவது படத்தில் வெளுத்துத் தெரியும். போய்ச் சேராத இடம் அப்படியே இருக்கும். நான் செய்ய வேண்டியது ஒன்றுதான், அசையக் கூடாது, முடிந்தவரை எச்சில் விழுங்கக் கூடாது.

எச்சில் விழுங்காதே என்று சொன்ன பிறகு வருகிற எச்சில் இருக்கிறதே, அது வாழ்நாளில் வந்ததில்லை. மெஷின் தடதடவென்று அடித்தது. மலைப் பாதையில் மூன்றாவது வளைவில் கியர் விழாமல் தவிக்கிற வண்டி மாதிரி இருந்தது. காற்று எப்போது ஆக்சிஜனாக மாறியது என்று எனக்குத் தெரியவே இல்லை, வாசனையும் இல்லை, ருசியும் இல்லை. ஆனால் மாறியிருக்கும் என்று தோன்றியதும் நன்றாக இழுத்து மூச்சு விட்டேன். அந்த நடு இடத்துக்குப் போய்ச் சேரட்டும் என்று நினைத்துக்கொண்டு இழுத்தேன். பரீட்சையில் ஒரு மார்க் கூடுதலாக வாங்கப் பார்க்கிற மாதிரிதான். பாழாய்ப் போன ஆசை. வெளியே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள், சாதாரணமாக மூச்சு விடுங்க ஐயா என்று ஸ்பீக்கரில் சொன்னார்கள்.

நான் உள்ளே கிடந்த அந்த நேரத்தில் வெளியே ஒரு காரியம் நடந்தது. பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்த என் மனைவிக்குப் பயம் வந்துவிட்டது. யாரிடமாவது பேசினால் தேவலை என்று அண்ணனுக்குப் போன் போட்டிருக்கிறாள். அவர் கூட்டு ரோட்டில் மறியலில் உட்கார்ந்திருக்கிறார். அவள் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணே, அவர உள்ள இட்டுக்கினு போயிட்டாங்க. மொகத்துல ஆக்சிஜன் வெச்சிருக்காங்க. என்ன உள்ள வரக்கூடாதுன்னுட்டாங்க." சொல்லும்போது அழுதாளாம். அதோடு போனில் சார்ஜ் தீர்ந்துபோனது.

இதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. ஆனால் அந்த வருஷம் எங்கள் தெருவில் ஆக்சிஜன் வைத்தது மூன்று பேருக்கு. மூன்று பேர் பக்கத்திலும் போகச் சொந்தக்காரர்களை விடவில்லை. மூன்று பேரும் வெள்ளைத் துணியில் சுற்றித்தான் வந்தார்கள். ஆக்சிஜன் வைத்துவிட்டார்கள் என்று யாராவது சொன்னால், அடுத்தது பாடை கட்ட மூங்கில் எங்கே கிடைக்கும் என்றுதான் எங்கள் ஊரில் யோசிப்பார்கள். ஆக்சிஜன் வைத்துப் படம் எடுப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? எனக்கே பத்து நாளைக்கு முன்னால் தெரியாது. மச்சான் திரும்பத் திரும்பப் போன் போட்டிருக்கிறார். சுவிட்ச் ஆஃப். அதுவே அவருக்குப் போதுமான பதிலாகிவிட்டது.

எங்களுக்கு ஒன்றும் தெரியாது. படம் எடுத்து முடிந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. ரோடெல்லாம் மறியல், பஸ் ஓடவில்லை என்று கூடத்தில் பேசிக்கொண்டார்கள். அன்றைக்கும் அங்கேயே படுத்துவிட்டு, மறுநாள் விடிகாலை முதல் பஸ்ஸைப் பிடித்தோம். நான் ஜன்னலில் சாய்ந்து தூங்கினேன். கண்டக்டர் இளம் பையன், விசிலை எச்சில் தெறிக்க ஊதினானே தவிர சத்தம் வரவில்லை. எடுத்துச் சொல்லலாம் என்று நினைத்தேன், தொண்டை ஒத்துழைக்கவில்லை.

கச்சிராயபாளையத்தில் இறங்கினபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. பஸ் ஸ்டாப்புக்கு எதிரே பால் சொசைட்டிச் சுவரில் ஒரு போஸ்டர். யாரோ போய்ச் சேர்ந்திருக்கிறார்கள் என்று சாதாரணமாகத்தான் பார்த்தேன். பார்த்தால் என் முகம். மகள் கல்யாணத்தில் எடுத்த போட்டோ, பக்கத்தில் நின்றவரை வெட்டிவிட்டார்கள், ஆனால் என் தோளில் அவர் கை மட்டும் இருந்தது. மேலே கண்ணீர் அஞ்சலி. நடுவில் கொட்டை எழுத்தில், 'எங்கள் தெருவின் குரல் ஓய்ந்தது.' அதற்குக் கீழே முந்தின நாள் தேதி. அதற்கும் கீழே தெருவில் இருக்கிற ஆம்பளைகள் பேரெல்லாம் வரிசையாக. என் மச்சான் பேர் என் பேரைவிடப் பெரிதாக இருந்தது.

என் மனைவிக்குக் கண்ணாடி போடாமல் தூரத்து எழுத்து தெரியாது. யாருங்க அது என்று கேட்டாள். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ச் சுவருக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். அவள் படித்தாள். இரண்டு தரம் படித்தாள். அப்படியே சுவரோரம் குந்திவிட்டாள். பக்கத்து டீக்கடை பாய் கிளாஸைக் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தார். என்னைத் தொட்டுப் பார்த்தார். "ஆயுசு கெட்டிங்க ஒங்களுக்கு," என்றார். செத்ததாகச் சேதி வந்தால் ஆயுசு கூடும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. அவர் கொடுத்த டீயை இரண்டு பேரும் குடித்தோம். அதற்கப்புறம்தான் வீட்டுக்கு நடந்தோம்.

வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. வாடகை நாற்காலிகள். கண்ணாடிப் பெட்டி ஒன்று வந்து, ஒயர் இழுத்து, ஓடிக்கொண்டே இருந்தது. உள்ளே யாரும் இல்லை என்பதுதான் குறை. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். பாடி அழுதுகொண்டிருந்த ஒருத்தி என்னைப் பார்த்ததும் பாதி வரியில் நிறுத்தினாள். என் மகள் எழுந்து ஓடி வந்து கட்டிக்கொண்டாள். பிறகு அடித்தாள். முதுகிலும் தோளிலும் நன்றாகவே அடித்தாள், நான் வாங்கிக்கொண்டேன். வெளியூரிலிருந்து வந்தவர்கள் மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நாற்காலிக்கடியில் தள்ளினார்கள்.

மச்சான் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் சந்தோஷம் வந்தது, வந்த வேகத்தில் போய் ஆத்திரம் வந்தது. "ஆக்சிஜன் வெச்சுட்டாங்கன்னு சொன்னா நாங்க இன்னான்னு நெனைக்கிறது மாப்ள?" என்றார். "போன் போட்டா ஆஃபு. ரோட்ல குந்திக்கினு இருந்த நாப்பது பேரையும் எழுப்பி இட்டுக்கினு வந்துட்டன். நம்ம தெரு எழுந்ததும் போலீஸ்காரன் வண்டிய வுட்டுட்டான். இப்ப ஊர்ல எனக்கு இன்னா பதில் இருக்குது?" மறியல் எங்கள் தெரு உட்கார்ந்த பக்கத்தில்தான் உடைந்திருக்கிறது. என் சாவுக்காக எழுந்த நாற்பது பேரால் பஸ்ஸெல்லாம் போய்விட்டது. ஒரு தடவை வெட்டிய மரத்தால் என் வண்டி நின்றது, இந்தத் தடவை என்னால் மறியல் நின்றது என்று சொல்ல வந்தேன். குரல் எழும்பவில்லை, இருமல்தான் வந்தது.

என் மனைவிதான் அவருக்குப் பதில் சொன்னாள். சத்தம் போடாமல் சொன்னாள். "ஒரு ரயில் இருக்குது, ஒரு காரு இருக்குது. ஒருத்தர் கெளம்பி வந்து பாத்திருக்கலாமில்ல அண்ணே. போஸ்டர் அடிக்கத் தெரிஞ்சுது." அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவரும் அழுதிருக்கிறார், கண் வீங்கியிருந்தது. எனக்கு அவர் மேல் கோபமே வரவில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டார்கள். சாவு வீடு என்று உலை வைக்காமல் இருந்த வீட்டில் அப்புறம் அடுப்பு பற்ற வைத்து, வந்திருந்த அத்தனை பேருக்கும் சோறு ஆக்கினார்கள். நான் வாடகை நாற்காலி ஒன்றிலேயே தூங்கிவிட்டேன். எழுந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிப் பெட்டி போய்விட்டது. தெருவில் ஒட்டியிருந்த போஸ்டர்களை இளவட்டங்கள் கிழித்துவிட்டார்கள். பால் சொசைட்டிச் சுவரில் ஒட்டியது மட்டும் தப்பிவிட்டது, பசையை வாரிப் பூசியிருந்தார்கள்.

பத்து நாள் கழித்துச் சென்னைக்குப் போனோம். இந்தத் தடவை மச்சானும் கூட வந்தார், நான் கூப்பிடவில்லை. டாக்டரம்மா கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். என் கழுத்து குறுக்கே வெட்டின மாதிரி, இரண்டு படம் பக்கத்தில் பக்கத்தில். ஒன்று காற்றில் எடுத்தது, ஒன்று ஆக்சிஜனில் எடுத்தது. இரண்டாவதில் கட்டியின் ஓரமெல்லாம் வெளுத்திருந்தது. நடுவில் ஒரு புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிதாக ஓர் இடம் முதல் படத்தில் எப்படி இருந்ததோ அப்படியே கறுப்பாகக் கிடந்தது. டாக்டரம்மா விரலை வைக்கும் முன்னாலேயே நான் அதைப் பார்த்துவிட்டேன். அவ்வளவு இழுத்து மூச்சு விட்டும் அங்கே போய்ச் சேரவில்லை.

இந்த ஒரு படத்தை மட்டும் வைத்து முடிவு செய்யவில்லை என்று அவர் சொன்னார். கட்டி குருத்தெலும்புக்குள் இறங்கியிருக்கிறது, அதனால் ஆபரேஷன்தான் நல்லது என்றுதான் மற்ற படங்களும் சொல்கின்றன. எல்லா டாக்டர்களும் சேர்ந்து உட்கார்ந்து பேசிவிட்டார்கள். கதிரை மட்டும் நம்பி இறங்கினால், அந்தக் கறுப்பு இடம் தப்பித்துக்கொண்டு மறுபடி வளரலாம். இப்போது எடுத்துவிட்டால் உயிருக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றார். பேசுவதற்கு வேறு வழிகள் உண்டு, பயிற்சி உண்டு, கருவி உண்டு, எல்லாம் சொல்லித் தருவோம் என்றார். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.

ஏதாவது கேட்க வேண்டுமா என்று கேட்டார். எனக்குக் கேட்கத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். "விசில் ஊத முடியுமா?" என்றேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை. பஸ்ல கண்டக்டரா இருந்தவருங்க என்று மச்சான் எடுத்துக் கொடுத்தார். மூச்சு வாய் வழியா வராதுங்க ஐயா, அதனால முடியாது என்று டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார். ஓய்வு பெற்றவனுக்கு விசில் எதற்கு என்று அவர் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. மச்சான் எழுந்து வெளியே போய்விட்டார். அவர் வெளியே நின்று அழுததை நான் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

ஆபரேஷனுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. அப்பா குரலைப் போனில் பிடித்து வைத்துக்கொள்கிறேன், ஏதாவது பேசுங்கள் என்று மகள் வந்து உட்கார்ந்தாள். எனக்கு எரிச்சல் வந்தது. தகர டப்பாவில் கல்லைப் போட்டு ஆட்டுகிற இந்தச் சத்தத்தையா பிடித்து வைப்பாய், முப்பது வருஷம் கத்தினேனே அப்போது பிடித்திருக்கலாமே என்றேன். அவள் எழுந்து போய்விட்டாள். அதைச் சொல்லியிருக்க வேண்டாம். அவளிடம் என் வாயால் நான் சொன்ன கடைசி நீளமான பேச்சு அதுவாகிவிட்டது, இன்றைக்கும் அது எனக்கு வலிக்கிறது.

ஆபரேஷன் அன்று காலையில் என்னைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்துக் கூட்டிப் போனார்கள். என் மனைவி கூடவே நடந்து வந்தாள். கதவு வரைக்கும்தான் விடுவார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். இதுதான் கடைசி, நல்லதாக ஒன்று சொல்லிவிட வேண்டும் என்று தள்ளுவண்டி ஓடுகிற நேரமெல்லாம் யோசித்தேன். நாற்பது வருஷமாக அவளிடம் சொல்லாமல் விட்டது எவ்வளவோ இருந்தது. கதவு வந்துவிட்டது. "டோக்கன் பையில இருக்குதா பாரு," என்றேன். "இருக்குதுங்க," என்றாள். அத்துடன் கதவை மூடிவிட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து ஊர் திரும்பினோம். மச்சான் கார் பிடித்து வந்திருந்தார். கழுத்தில் துளை, அதன் மேல் துணி, சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டும் பேனாவும். போராட்டம் எந்த மட்டில் இருக்கிறது என்று வழியெல்லாம் மச்சான் சொல்லிக்கொண்டு வந்தார். ஒதுக்கீடு வந்துவிடும் என்கிறார்கள், வந்தாலும் கோர்ட்டில் நிற்குமா தெரியவில்லை என்கிறார்கள் என்றார். நான் கேட்டுக்கொண்டேன். பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லாமல் ஒருவர் பேசுவதைக் கேட்பது எனக்கு அதுதான் முதல் தடவை.

பஸ் ஸ்டாப்புக்கு வந்ததும் காரை நிறுத்தச் சொல்லித் தோளைத் தட்டினேன். பால் சொசைட்டிச் சுவரில் போஸ்டர் இன்னும் இருந்தது. மழையில் என் முகம் வெளுத்துப் போய், கண்ணும் மீசையும்தான் மிச்சம். எழுத்து மட்டும் அப்படியே இருந்தது. மச்சானுக்கு முகம் சுருங்கிவிட்டது. இதை இன்னுமா கிழிக்கவில்லை என்று யாரையோ திட்டிக்கொண்டே இறங்கிப் போய், 'எங்கள் தெருவின் குரல் ஓய்ந்தது' என்று இருந்த இடத்தில் நகத்தை வைத்துச் சுரண்டினார்.

நானும் இறங்கிப் போய் அவர் கையைப் பிடித்தேன். நோட்டை எடுத்து எழுதிக் காட்டினேன். "கிழிக்காத மச்சான். தேதி மட்டும்தான் தப்பு."